அத்தான் வீட்டு ஹீட் பம்பும் 7,500 பவுணும்

வடமராட்சிப் பெடியன் | 2024 நவம்பர் 10

லண்டனில் அக்கா வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பொயிலர் பழசாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடுகிற ஹீட் பம்ப் போட்டால் அரசாங்கம் 7,500 பவுண் தருமாம். அத்தானுக்கு அங்கே ஒருவரிலும் நம்பிக்கை இல்லை. "ஊரில் ஏசி வேலை தெரிந்த ஆள் யாரையாவது கேட்டுச் சொல்லு" என்கிறார். இது உண்மையான காசா, கண்கட்டு வித்தையா?

கொம்பிரசர் அண்ணை | 2024 நவம்பர் 10, இரவு

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட பிரிட்ஜ், ஏசி திருத்துகிற ஆள். லண்டன் போனதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், 7,500 பவுணை எந்த அரசாங்கமும் சும்மா தூக்கித் தராது. பூட்டுகிற கொம்பனி முதலில் விலையில் 7,500ஐ ஏற்றும், பேந்து அதையே கழித்துக் காட்டும். தீபாவளிக்கு உடுப்புக்கடையில் நடக்கிற அதே அலுவல்.

மெசினைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் இங்கே சுவரில் பூட்டுகிற ஏசியை மறுவளமாக ஓட விட்டால் அதுதான் ஹீட் பம்ப். போன சித்திரையில் கோண்டாவிலில் ஒரு வீட்டிலிருந்து மூன்று தரம் போன். புது ஏசி நெருப்பாக ஊதுகிறதாம். போய்ப் பார்த்தால் ரிமோட்டில் சூரியன் படம் எரிகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெசின், குளிரும் தரும், சூடும் தரும். பேத்திப் பிள்ளை பட்டனை அமத்தி விளையாடியிருக்கிறாள். பட்டனை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். காசு வாங்க மனம் வரவில்லை.

அந்தச் சூரியன் பட்டனுக்குத்தான் லண்டனில் 7,500 பவுண்.

2024 நவம்பர் 12

மேலே எழுதியதில் ஒரு பிழை. லண்டனில் ஹரோவில் இருக்கிற மச்சானுக்கு (மனைவியின் தம்பி) போன் எடுத்துக் கேட்டேன். அவருடைய பொயிலருக்கும் 16 வயதாகிவிட்டதாம், அவரும் இதே யோசனையில்தான் இருக்கிறார்.

காசு வீட்டுக்காரர் கைக்கு வருவதே இல்லை. எம்.சி.எஸ் என்ற தரச்சான்று உள்ள கொம்பனிதான் விண்ணப்பம் போடும். ஒஃப்ஜெம் என்ற கண்காணிப்புச் சபை வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பி "உங்கள் பேரில் இவர்கள் கேட்டது உண்மைதானா" என்று உறுதி கேட்கும். ஓம் என்றால் வவுச்சர் வரும். மூன்று மாதத்துக்குள் பூட்டி முடிக்க வேண்டும். வீட்டுக்காரர் மிச்சக் காசை மட்டும் கட்டுவார். திட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். 2022 இல் தொடங்கும்போது 5,000, 2023 ஒக்ரோபர் 23 இலிருந்து 7,500. வருமானம் பார்ப்பதில்லை. வற் வரியும் 2027 மார்ச் வரைக்கும் பூச்சியம்.

ஒரு கட்டாயம், பழைய பொயிலரை முழுதாக எடுக்க வேண்டும். "இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்" என்று இரண்டையும் வைத்தால் காசு இல்லை.

ஆகவே காசு உண்மை. விலை ஏற்றுகிறார்களா என்பதில் என் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

2024 நவம்பர் 17

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரு அலகு கரண்ட் குடுத்தால் மூன்று அலகு சூடு வருமாம். இது பொய்தானே? நூறுக்கு மேல் எப்படி வரும்?"

பிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பாரும், சுடும். அந்தச் சூட்டில் பாதிக்கு மேல் கரண்டில் இருந்து வந்ததில்லை, உள்ளே வைத்த பாலிலும் கறியிலும் இருந்து உறிஞ்சி வெளியே கொட்டியது. ஹீட் பம்ப் வீட்டுக்கு வெளியே உள்ள காற்றைப் பாலாக நினைத்துக்கொள்கிறது. காற்று 2 பாகையில் இருந்தாலும் அதில் சூடு இருக்கிறது. உள்ளே ஓடுகிற கேஸ் (பிரிட்ஜ் கேஸ், எரிக்கிற கேஸ் இல்லை) அதைவிடக் குளிர்ந்திருந்தால் உறிஞ்சும்.

இன்னும் லேசாகச் சொல்லலாம். பேரிலேயே பம்ப் இருக்கிறது. தோட்டக் கிணற்றில் மண்ணெண்ணெய் மெசின் தண்ணீரை உண்டாக்கவில்லை, தூக்கித்தான் விட்டது. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எத்தனை வாய்க்கால் தண்ணீர் என்பது கிணற்றைப் பொறுத்தது. கார்த்திகையில் மேலே நிற்கும், மெசின் சும்மா பாடிக்கொண்டு இறைக்கும். புரட்டாதியில் அடியில் கிடக்கும், அதே மெசின் திணறும். வெளியே குளிர் கூடக் கூட ஹீட் பம்பின் கிணறும் ஆழமாகிறது. ஆக "எப்போதும் மூன்று" என்று சொல்பவரும் பொய் சொல்கிறார், "நூறுக்கு மேல் வராது" என்பவரும் பிழை.

இன்னொன்று. தண்ணீரை எவ்வளவு உயரத் தொட்டிக்கு ஏற்றுகிறோம் என்பதும் கணக்கில் வரும். ரேடியேற்றருக்கு (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற தகடு) 65 பாகையில் தண்ணீர் வேண்டும் என்றால் தொட்டி மிக உயரத்தில் இருக்கிறது. 40 போதும் என்றால் தொட்டி தாழ்வு. இதைப் பிறகு எழுதுகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 நவம்பர் 28

மழை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற இடங்களில் இருந்தெல்லாம் பிரிட்ஜ் வருகிறது. அடியில் நனைந்த பிரிட்ஜைத் தயவுசெய்து உடனே பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். ரிலே காயாமல் கரண்ட் குடுத்தால் கொம்பிரசர் போய்விடும். ஹீட் பம்ப் கதை பிறகு.

2024 டிசெம்பர் 15

மச்சான் மூன்று கொம்பனியிடம் விலை எடுத்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன்.

முதலாவது: 13,100. மானியம் போக 5,600.
இரண்டாவது: 15,800. மானியம் போக 8,300.
மூன்றாவது: 9,900. மானியம் போக 2,400. "இந்தக் கிழமைக்குள் கையெழுத்து வைத்தால் மட்டும்."

தம்பியின் அத்தான் மூன்றாவதைத்தான் பிடிப்பார் என்று தெரியும், மச்சானும் அதில்தான் நின்றார். முதலாவது கொம்பனியின் ஆள் வீட்டில் இரண்டரை மணி நேரம் நின்றாராம். ஒவ்வொரு அறையையும் அளந்து, ஜன்னல் எத்தனை கண்ணாடி என்று பார்த்து, பரணில் ஏறிச் சூடு காக்கிற பஞ்சு எத்தனை அங்குலம் என்று கம்பி விட்டுப் பார்த்து, ரேடியேற்றர் ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வெளியே மைனஸ் 2 பாகை என்றால் இந்த வீடு 6.2 கிலோவாட் சூட்டை இழக்கும், ஒன்பது ரேடியேற்றரில் நாலு போதாது, மாற்ற வேண்டும் என்று கடதாசியில் தந்திருக்கிறார்.

மூன்றாவது ஆள் போனிலேயே "எத்தனை அறை?" என்று கேட்டார். நாலு. "அப்ப 12 கிலோவாட் மெசின்." முடிந்தது.

இந்த வருத்தம் எனக்குப் பழக்கம். பத்துக்குப் பத்து அறைக்கு 18,000 பி.ரி.யு. (குளிராக்கும் அளவு) ஏசியை விற்றுவிடுவார்கள், "பெரிசு நல்லதுதானே அண்ணை" என்று. அது ரெண்டு நிமிடத்தில் குளிராக்கி நின்றுவிடும், திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். ஈரம் இழுக்காது, கொம்பிரசர் அடிபடும், பிறகு என்னைத் தேடுவார்கள். 6 கிலோவாட் வீட்டுக்கு 12 கிலோவாட் ஹீட் பம்பும் அப்படித்தான் உதறும்.

சரி, என்னுடைய உடுப்புக்கடைக் கதைக்கு வருவோம். முதலாவது கொம்பனியிடம் "மானியம் வேண்டாம், காசு கட்டுகிறேன், எவ்வளவு?" என்று கேட்கச் சொன்னேன். அதே 13,100. ஒரு கொம்பனியை வைத்து உலகத்தைச் சொல்ல முடியாது. ஆனாலும் நவம்பர் 10 இல் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மூன்றாவது கொம்பனிக்கு அது இன்னும் பொருந்தும். மானியத்தை விழுங்குகிறவர்கள் விலையை ஏற்றி விழுங்கத் தேவையில்லை, வேலையைக் குறைத்தும் விழுங்கலாம்.

புது கேஸ் பொயிலருக்கு மச்சானிடம் கேட்ட விலை 2,900. வித்தியாசம் 2,700 பவுண். அது திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

2025 ஜனவரி 5

கணக்கு. இந்த ஜனவரியில் இருந்து அங்கே விலை உச்சவரம்பு: மின்சாரம் அலகு 24.86 பென்ஸ், கேஸ் அலகு 6.34 பென்ஸ். நாலு மடங்கு கிட்ட! ஒன்றை மற்றதால் பிரித்தால் 3.92. ஆகவே ஹீட் பம்ப் ஒரு அலகு கரண்டுக்கு நாலு அலகு சூடு தந்தால்தான் கேஸோடு சமம். மச்சானின் பழைய வீட்டில் நாலு வராது. அத்தானிடம் சொல்லும் தம்பி, பேசாமல் புது பொயிலரைப் போடட்டும்.

2025 ஜனவரி 6

நேற்று எழுதியது பிழை. நித்திரை வரவில்லை, விடிய எழும்பித் திருத்துகிறேன்.

கேஸ் பொயிலரும் நூற்றுக்கு நூறு தராது. சூட்டில் கொஞ்சம் புகைபோக்கியால் போகும். 88 சதவீதம் என்று வைத்தால், சமமாக வேண்டியது 3.45.

அடுத்தது. கேஸை முழுதாக வெட்டினால் தினசரி நிலைக்கட்டணம் மிச்சம். ஒரு நாளுக்கு 31 பென்ஸ் சொச்சம், வருடத்துக்கு 115 பவுண் வரும். மச்சான் வருடத்துக்கு 12,000 அலகு கேஸ் எரிக்கிறார். 761 பவுண், நிலைக்கட்டணத்தோடு 876. அதே சூட்டை மூன்று மடங்கு தருகிற ஹீட் பம்பில் எடுத்தால் 3,520 அலகு கரண்ட், 875 பவுண். ஒரு பவுண் வித்தியாசம்! நான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

அப்ப மூன்று வந்தால் சமம், அதற்கு மேல் வருவது லாபம். ஆனால் கேஸை முழுதாக வெட்ட வேண்டும். இங்கேதான் மச்சாள் குறுக்கே நிற்கிறா. அடுப்பு கேஸ். "புட்டு அவிக்க எனக்கு நெருப்பு வேணும்."

2025 ஜனவரி 8

புட்டுப் பிரச்சினை பற்றிக் கனக்கப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஹீட் பம்பைப் பற்றிக்கூட இவ்வளவு பேர் எழுதவில்லை.

இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியப் பானை வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் சூடேறும். மச்சாள் வைத்திருப்பது 2004 இல் மாமி நீத்துப்பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்பிய அலுமினியப் பானை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த நல்லூர்க் கோயில் காந்தத்தைக் கழற்றி ஒவ்வொரு சட்டியாக வைத்துப் பார்த்தார்களாம். ஒட்டியது ரெண்டே ரெண்டு. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானை ஒன்றை வாங்கி, அதன் வாயில் பழைய நீத்துப்பெட்டியை இறுக்கி வைத்து அவித்திருக்கிறார்கள். புட்டு வந்திருக்கிறது. மச்சாள் "பரவாயில்லை" என்றாவாம். மச்சாள் வாயில் அது பெரிய சான்றிதழ்.

அலுமினியப் பானையை எறியவில்லை.

2025 ஜனவரி 30

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற என் தங்கச்சி பற்றியும் எழுதச் சொல்லி ஒரு அண்ணை கேட்டார், அவருடைய மகனும் ரொறன்ரோவில்.

தங்கச்சிக்கு நான் போன மாதம் பிழையான தகவல் குடுத்துவிட்டேன். கனடா மத்திய அரசின் 5,000 டொலர் வீட்டு மானியம் இருக்கிறது என்றேன். அது 2021 இல் தொடங்கியது, 2024 தொடக்கத்திலேயே புது விண்ணப்பத்துக்கு மூடிவிட்டார்கள். வட்டியில்லாத 40,000 டொலர் வரைக்குமான கடன் மட்டும் இந்த 2025 ஜனவரியில் இருக்கிறது, பத்து வருடத்தில் கட்டலாம். முதலில் வீட்டை ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும். மெசினைப் பூட்டிவிட்டு விண்ணப்பித்தால் இல்லை.

முந்தநாள், 28 ஆம் தேதி, ஒன்ராறியோ மாகாணம் புதுத் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் ஒரு விசித்திரம். ஏற்கெனவே மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குகிறவர் ஹீட் பம்ப் போட்டால் 7,500 டொலர் வரை. கேஸில் சூடாக்குகிறவர் போட்டால் 2,000 வரை. கேஸை விடச் சொல்லித்தான் மானியம் என்று நினைத்திருந்தேன். இங்கே நோக்கம் வேறு. பழைய மின் ஹீற்றர் ஒரு அலகுக்கு ஒரு அலகுதான் தரும், அதை ஹீட் பம்ப் ஆக்கினால் குளிர்காலத்தில் மாகாணத்தின் மின்சாரம் மிச்சம். தங்கச்சி வீடு கேஸ். 2,000 தான்.

அங்கே மைனஸ் 20க்கும் ஓடுகிற வகை வேண்டும். அது ஓடும், ஆனால் கிணறு மிக ஆழம். அதனால் பலர் பழைய கேஸ் பேர்னஸை (சூடான காற்றை ஊதுகிற மெசின்) கழற்றாமல் கடுங்குளிர் நாட்களுக்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் அது மானியத்தைக் கெடுக்கும், அங்கே கெடுக்காது. ஒரு நாட்டில் சொன்ன புத்தியை இன்னொரு நாட்டுக்குச் சொல்லாதீர்கள், நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று முக்கியம். தங்கச்சியின் அயலில் ஒரு அம்மா. கதவில் தட்டி "அரசாங்கத் திட்டம்" என்று சொல்லி மெசினை வாடகைக்குப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வருடங்களுக்குப் பிறகு வீட்டை விற்கப் போனபோது வீட்டுப் பத்திரத்தில் அந்த வாடகைக் கொம்பனியின் உரிமைப் பதிவு கிடந்தது, எடுக்கப் பல ஆயிரம் டொலர். ஒன்ராறியோவில் 2018 மார்ச்சில் இருந்தே இப்படிக் கதவில் தட்டி ஹீற்றர், ஏசி விற்கத் தடை. அந்த உரிமைப் பதிவையும் 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அம்மா கையெழுத்து வைத்தது அதற்கு முதல். கதவில் தட்டி வருகிறவன் அரசாங்க ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆளைக் கூட்டிவர நாங்கள்தான் பத்துத் தரம் போக வேண்டும் என்பது நினைவிருந்தால் போதும்.

2025 பெப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து முழு இலங்கையும் இருட்டானது எல்லாருக்கும் தெரியும். நேற்றும் இன்றும் ஒன்றரை மணி நேர வெட்டு. உடனே இங்கே மூன்று பேர்: "எல்லாவற்றையும் கரண்டில் போட்டால் குரங்கு வந்தால் என்ன செய்வீர்?"

நல்ல கேள்விதான். ஆனால் கரண்ட் போனால் கேஸ் பொயிலரும் நிற்கும். அதன் பம்பும் பொறியும் கரண்டில்தான். ஆக குரங்குக்கு இரண்டும் ஒன்று.

எரிபொருள் இல்லாமல் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், பெற்றோல் ஸ்ரார்ட் பண்ண மட்டும், சொட்டுச் சொட்டாக. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். நான் வேலை பழகிய கடையில் கரண்டே இல்லை, பிரிட்ஜ் திருத்த ஒருவரும் வரவில்லை. எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் அம்மா சேலை அடுக்கி வைத்திருந்தா. பூச்சி போகாது, கதவு இறுக்கம் என்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனபோது தோட்டக்காரரில் எத்தனை பேர் மின்மோட்டாருக்குத் தாவினார்கள்! அவர்களுக்கு யார் மானியம் குடுத்தது? வரிசையில் நின்று கடுத்த கால்தான்.

தலைப்பை விட்டுப் போய்விட்டேன். மன்னிக்கவும்.

2025 பெப்ரவரி 13

விட்ட இடத்துக்கு வருகிறேன். மானியத்தை முன்கூட்டி ஒரேயடியாகக் குடுப்பதா, ஓடுகிற அலகுக்கு அலகு குடுப்பதா? எங்கள் ஊரில் கூரைச் சூரியத் தகட்டுக்கு 2016 திட்டத்தில் முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய், அதற்குப் பிறகு 15.50 என்று வைத்தார்கள். பிரித்தானியாவும் இப்படித்தான் இருந்தது. 2014 இல் இருந்து 2022 மார்ச் வரை வீட்டு ஹீட் பம்புக்கு ஏழு வருடம், காலாண்டுக்கு ஒரு தரம் காசு. கையில் முதல் இல்லாதவருக்கு அது உதவவில்லை, பணக்காரர்தான் போட்டார்கள் என்று மச்சான் சொல்கிறார். நான் முன்பு அலகுக்கு அலகுதான் நியாயம் என்று நினைத்தேன். வட அயர்லாந்துக் கதையைக் கேட்ட பிறகு அவ்வளவு உறுதி இல்லை. அங்கே கடை, பண்ணைகளுக்கு மரத்துகள் பொயிலருக்கு அலகுக்கு அலகு குடுத்தார்கள், உச்சவரம்பு வைக்க மறந்துவிட்டார்கள். துகளின் விலையைவிட மானியம் கூட. எரிக்க எரிக்கக் காசு! வெறும் கொட்டகையைச் சூடாக்கினார்கள் என்றுகூடப் புகார். 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் பதவி விலகி அந்த ஆட்சியே கவிழ்ந்தது.

ஜேர்மனியில் தம்பி இருப்பதாக எழுதியவருக்கு: அங்கே வீதக் கணக்கு. அடிப்படை 30 சதவீதம், பழைய எண்ணெய், கேஸ் மெசினை முந்திக் கழற்றினால் 20, வருடக் குடும்ப வருமானம் 40,000 யூரோவுக்குள் என்றால் இன்னொரு 30. எல்லாம் சேர்ந்தாலும் 70 தாண்டாது, 30,000 யூரோச் செலவுக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகக் கூடினால் 21,000. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. இல்லாதவருக்குக் கூடப் போகிறது.

2025 மார்ச் 2

மச்சான் வீட்டில் பூட்டியாயிற்று. முதலாவது கொம்பனிதான். நாலு நாள் வேலை.

வெள்ளி விடிய (அங்கே நடுச்சாமம்) வாட்ஸ்அப்பில் வீடியோ. பின்வளவில் வெளிப்பெட்டியில் இருந்து வெள்ளைப் புகை குப்பென்று எழும்புகிறது. மச்சாள் பின்னால் கத்துகிறா, "நிப்பாட்டுங்கோ, எரியுது!" மச்சான் வாளியில் தண்ணீரோடு நிற்கிறார்.

சிரித்துவிட்டேன். அது புகை இல்லை, நீராவி. வெளியே 2 பாகை, ஈரக் காற்று. பெட்டியின் தகடுகளில் பனி படியும். தடித்தால் காற்றுப் போகாது. அப்போது மெசின் தானே வால்வைத் திருப்பி, வீட்டுக்குள் இருந்து கொஞ்சம் சூட்டைக் கடன் வாங்கி வெளியே விட்டுப் பனியை உருக்கும். கொஞ்ச நிமிடம். பிறகு திரும்ப வழமை. அதாவது அந்த நேரத்தில் அது எங்கள் ஊர் ஏசி. முப்பது வருடம் இந்த வேலை செய்தும் இதை நான் கண்ணால் கண்டதில்லை. இங்கே பெட்டி பனிபிடிக்க வாய்ப்பே இல்லையே. அந்த வீடியோவை ஐந்தாறு தரம் போட்டுப் பார்த்தேன்.

2025 மார்ச் 9

மாமி லண்டனில் மச்சானோடுதான் இருக்கிறா. 78 வயது. புது ரேடியேற்றரில் கையை வைத்துவிட்டுத் தீர்ப்பு: "இது சுடேல்லை. பழுது."

அறை 20 பாகை. மாமிக்கு அது முக்கியமில்லை. பழைய ரேடியேற்றரில் கை வைக்க முடியாது, துவாயைப் போட்டால் அரை மணியில் காயும். இது இளஞ்சூடு. முதுகை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கிற சுகம் போய்விட்டது. மூன்று நாள் முணுமுணுப்புக்குப் பிறகு மச்சான் தண்ணீர்ச் சூட்டை 42இல் இருந்து 55க்கு ஏற்றினார். மாமி சந்தோசம். மீற்றர் அழுகிறது: ஒன்றுக்கு 2.7.

நவம்பர் 17 இல் உயரத் தொட்டி என்று எழுதினேனே, அதுதான் இது.

2025 மார்ச் 23

இரண்டு கிழமையாக நானும் மச்சானும் இரவு இரவாக வீடியோவில் இருந்து திருகுகிறோம். நான் இங்கே பனையோலை விசிறியோடு, அவர் அங்கே கம்பளித் தொப்பியோடு. 55, 50, 46, 43. வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டைத் தானே ஏற்றி இறக்குகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. பூட்டியவர் அதை முடுக்கிவிடாமல் போயிருக்கிறார். நல்ல கொம்பனி என்று நான் புகழ்ந்த அதே கொம்பனி. அதை முடுக்கி, இரவில் நிற்பாட்டி விடியக் கொதிக்க வைக்கிற பழைய பழக்கத்தையும் விட்டு, நாள் முழுக்க மெல்ல ஓட விட்டோம். போன கிழமைக் கணக்கு 3.6. மார்ச் மாதம், குளிர் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஜனவரியைப் பார்க்காமல் மார்தட்ட மாட்டேன்.

மாமிக்கு ஒரு மின்சாரச் சூட்டுத் துணி வாங்கி முதுகுக்குக் குடுத்தாயிற்று. 60 வாட். பிரச்சினை முடிந்தது. ரேடியேற்றர் இன்னும் பழுதுதான் என்று சொல்கிறா.

2025 ஏப்ரல் 6

தங்கச்சி கேட்கிறாள்: கனடாவில் ஏப்ரல் 1 இல் இருந்து வீட்டுக் கேஸ் மீதான கார்பன் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், இனி ஹீட் பம்ப் கணக்கு என்னாகும்? கேஸ் மலிந்தால் கணக்கு கேஸ் பக்கம் சாயும், வேறென்ன. அவளுடைய ஏசியும் இந்தக் கோடையோடு போய்விடும். எப்படியும் ஏசி வாங்கத்தான் வேண்டும், அதற்குப் பதில் இரண்டு பக்கமும் ஓடுகிறதை வாங்கு, வசந்தத்திலும் ஐப்பசியிலும் அதில் ஓடு, ஜனவரிக்குப் பேர்னஸ் இருக்கட்டும் என்றேன். 2,000 டொலருக்காக இல்லை. மெசின் சாகிற நேரத்தில்தான் மெசின் மாற்ற வேண்டும்.

ஒஸ்லோவில் என்னோடு படித்த கூட்டாளி இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சிரிக்கிறான். அங்கே 2020 இல் இருந்து எண்ணெயில் வீடு சூடாக்கவே தடை. அவன் தன் காசில் சுவரில் ஒன்று பூட்டிப் பதினொரு வருடம். படம் அனுப்பினான். கோண்டாவில் வீட்டில் இருக்கிற அதே வெள்ளைப் பெட்டி.

2025 ஜூன் 1

அயல் வேலியில் இருந்து ஒரு மீற்றர் தள்ளித்தான் வெளிப்பெட்டி வைக்க வேண்டும் என்ற இங்கிலாந்து விதியை மே 29 இல் எடுத்துவிட்டார்கள். மச்சான் 1.1 மீற்றர் தள்ளி வைக்க மச்சாளின் கறிவேப்பிலைத் தொட்டிகளை எல்லாம் இடம்மாற்றியவர். இப்போது அவருக்கு முன்னால் இந்த விசயத்தைக் கதைக்காமல் இருப்பது நல்லது. சத்தத்துக்கான வரம்பு இன்னும் இருக்கிறது.

வடமராட்சித் தம்பி, நீர்தான் இதைத் தொடங்கியது. ஏழு மாதமாகச் சத்தத்தையே காணவில்லை. அத்தான் என்ன முடிவு?

2025 ஜூன் 3

தம்பி உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். அத்தான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தாராம். புட்டுப் பகுதியை அக்காவுக்கு வாசித்தும் காட்டினாராம். ஆனால் அவர்கள் இருப்பது தொடர்மாடியில், இரண்டாம் மாடியில். வளவு இல்லை. வெளிச்சுவர் கட்டட உரிமையாளருடையது, ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.

இதை நவம்பர் 10 ஆம் தேதியே சொல்லியிருக்கலாமே தம்பி!

சரி. பல்கனி இருக்கோ? இருந்தால் நீளம், அகலம், கீழ்வீட்டு ஜன்னல் எவ்வளவு தூரம், மூன்றையும் அளந்து அனுப்பச் சொல்லும். உரிமையாளருக்கு எழுதுகிற கடிதத்தை அதற்குப் பிறகு பார்ப்போம்.